மூன்றாம் சுற்றின் மௌனம்





இவ்வாரத் தியானப் பகுதி: 2 சாமுவேல் 9ஆம் அதிகாரம், நீதிமொழிகள் 18:10.

2001ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கார் பந்தயக் களங்களில் ஒரு வழக்கம் தோன்றியது. போட்டி தொடங்கி, நாற்பதுக்கும் மேற்பட்ட கார்கள் பேரிரைச்சலோடு மூன்றாம் சுற்றுக்குள் நுழையும்போது, மாடங்களில் இருந்த மக்கள் எழுந்து நின்று, கைகளை உயர்த்தி, மூன்று விரல்களைக் காட்டுவார்கள். தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் அந்த ஒரு சுற்று முழுவதும் வாய்திறவாமல் இருப்பார்கள். இயந்திரங்களின் ஓசை மட்டும் கேட்கும். சுற்று முடிந்ததும் எல்லாரும் அமர்வார்கள், வர்ணனை தொடரும். அந்த ஆண்டு முழுவதும், ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் இப்படியே நடந்தது.

அந்த மூன்று விரல்கள் ஒரு மனிதரின் கார் எண்ணைக் குறித்தன. அவர் பெயர் டேல் எர்ன்ஹார்ட். பார்வைக்குச் சாலையில் ஓடும் கார்களைப் போலத் தோன்றும் வண்டிகளை, நீள்வட்டத் தளத்தில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும் பந்தயத்திற்கு ஸ்டாக் கார் பந்தயம் என்று பெயர். நாஸ்கார் என்னும் அமைப்பு அதை நடத்துகிறது. அந்தப் பந்தயத்தில் 76 கோப்பைப் போட்டிகளையும் ஏழு சாம்பியன் பட்டங்களையும் வென்றவர் அவர். 2001 பிப்ரவரி 18 அன்று, ஞாயிற்றுக்கிழமை, ஃப்ளோரிடாவின் டேடோனா களத்தில், இறுதிச் சுற்றின் கடைசித் திருப்பத்தில் அவருடைய கார் சுவரில் மோதியது. அவர் மரித்தார். அப்போது அவருக்கு வயது 49.

பந்தய வீரரைப் பற்றிச் சபையாருக்கு எழுதுவானேன் என்று சிலர் எண்ணலாம். பவுல் அப்போஸ்தலனே பந்தயச் சாலையைக் காட்டிக் கொரிந்து சபைக்குப் போதித்தார் என்று பதில் சொல்லலாம். ஆனால் என் காரணம் வேறு. மரித்துப்போன ஒருவரை நேசிப்பது எப்படி? அந்த நேசத்தை நாம் என்ன செய்வது? அடக்க ஆராதனைகளை நடத்தும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி என்னுடன் கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடுவரை நடந்து வருகிறது. எர்ன்ஹார்டை நேசித்த மக்களின் கதையில் இதற்கு நல்ல பதிலும் இருக்கிறது. கெட்ட பதிலும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்பது நமக்குப் பிரயோஜனம்.

முதலில் அந்த மனிதரை அறிந்துகொள்வோம். வட கரோலினா மாநிலத்தின் கன்னாபொலிஸ் என்னும் ஊரில் 1951ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அது பஞ்சாலை ஊர். குளியல் துண்டுகளும் படுக்கை விரிப்புகளும் நெய்யும் ஆலைச் சங்கை நம்பி வாழ்ந்த மக்களின் ஊர். அவருடைய தகப்பனார் ரால்ஃப் எர்ன்ஹார்ட் ஆலை வேலையை விட்டுப் பந்தயத்தை நம்பிக் குடும்பத்தை நடத்தியவர்; 1956இல் நாஸ்காரின் ஒரு பிரிவில் சாம்பியன் ஆனவர். மகன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டது அவருக்குப் பெரும் வருத்தம். 1973ஆம் ஆண்டு, 45 வயதிலேயே, மாரடைப்பினால் அவர் மரித்தார். மகன் பெரிய வெற்றி எதையும் அடையுமுன்னே தகப்பன் போய்விட்டார்.

அதன்பின் டேல் கூலி வேலை செய்தும், கடன் வாங்கியும் கார் ஓட்டினார். 1979இல் சிறந்த புதுமுக வீரர் ஆனார். அடுத்த ஆண்டே சாம்பியன் பட்டம் வென்றார். ஆலைத் தொழிலாளர்களும், லாரி ஓட்டுநர்களும், பண்ணையாட்களும் அவரைத் தங்களில் ஒருவராகக் கண்டார்கள். படிப்பில்லை, பணமில்லை, சிபாரிசு இல்லை, ஆனாலும் பின்வாங்காதவர். அதுவே அவர்கள் கண்ட எர்ன்ஹார்ட்.

எல்லாரும் அவரை நேசித்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். முன்னால் போகும் காரை இடித்து விலக்கி முந்தத் தயங்காதவர் அவர். எதிராளியை மிரட்டுபவர் என்பதே அவருடைய பட்டப்பெயர். 1999இல் பிரிஸ்டல் களத்தில், இறுதிச் சுற்றில் டெரி லபாண்டியின் காரை இடித்துச் சுழலவிட்டு வென்றபோது, மக்கள் கூட்டம் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. அவரைச் சுழற்றிவிட எண்ணவில்லை, சற்றே அசைத்துப் பார்க்கவே எண்ணினேன் என்பதாக அவர் விளக்கம் சொன்னார். ரசிகர்கள் சிரித்தார்கள், மற்றவர்கள் கொதித்தார்கள். இதை நான் மறைக்காமல் எழுதக் காரணம் உண்டு. நாம் நேசித்தவர்கள் பரிசுத்தவான்களாக இருந்ததினால் அல்ல, நமக்கு உரியவர்களாக இருந்ததினாலேயே அவர்களை நேசித்தோம். வேதாகமமும் தாவீதின் குற்றத்தை மறைக்கவில்லை. பேதுருவின் மறுதலிப்பை மறைக்கவில்லை.

இனி, ரசிகர்கள் இன்றும் கண்கலங்கிச் சொல்லும் சம்பவங்களைக் கவனியுங்கள். ஏழு பட்டங்களின் புள்ளிக்கணக்கை யாரும் கண்ணீரோடு சொல்வதில்லை. அவர்கள் சொல்வது தோல்விகளையும் சிறு காரியங்களையும்தான்.

டேடோனா 500 என்பது அந்தப் பந்தய உலகின் தலைசிறந்த போட்டி. 200 சுற்றுகள், 500 மைல். அதே களத்தில் வேறு பல போட்டிகளை வென்ற எர்ன்ஹார்டுக்கு அந்த ஒரு போட்டி மட்டும் கைகூடவில்லை. 1990இல் இறுதிச் சுற்றின் கடைசித் திருப்பம்வரை முன்னிலையில் இருந்தார். தளத்தில் கிடந்த ஏதோ ஒரு துண்டு டயரைக் கிழித்தது. வெற்றி டெரைக் கோப் என்பவருக்குப் போயிற்று. 1997இல் அவருடைய கார் உருண்டு கவிழ்ந்து மறுபடியும் சக்கரங்களின்மேல் நின்றது. ஆம்புலன்சில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். நான்கு சக்கரங்களும் காரில் இருந்தன. உடனே இறங்கிவந்து, நசுங்கிய அந்தக் காரிலேயே ஏறி ஓட்டிப் போட்டியை முடித்தார். வெற்றிக்கு வழியே இல்லை என்று தெரிந்தும் முடித்தார். அந்த நாளை நினைவுகூராத ரசிகர் இல்லை.

1998ஆம் ஆண்டு, தம்முடைய இருபதாவது முயற்சியில், அவர் டேடோனா 500ஐ வென்றார். அன்று யாரும் ஏற்பாடு செய்யாத ஒரு காரியம் நடந்தது. அவர் மெதுவாகக் காரை ஓட்டிவந்தபோது, எதிரணிகளின் பணியாளர்கள் எல்லாரும் வரிசையாக வந்து நின்று, ஒவ்வொருவராக அவர் கையைத் தொட்டார்கள். அவர் இடித்துத் தள்ளிய அணிகளின் ஆட்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். சந்தோஷப்படுகிறவர்களோடு சேர்ந்து சந்தோஷப்படுவது, அழுகிறவர்களோடு அழுவதைவிடக் கடினமானது. அந்தக் கடினமான காரியத்தை அன்று ஒரு பந்தயக்களம் செய்தது.

அந்த வெற்றிக்கு முந்தின நாள், சக்கர நாற்காலியில் இருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அவரைச் சந்தித்தாள். ஒரு பென்னி நாணயத்தை, நம்முடைய காசுகளில் மிகச் சிறியதற்குச் சமமான ஒன்றை, அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பசையிட்டுத் தம் காரின் டேஷ்போர்டில் ஒட்டினார். மிரட்டுபவர் என்று பெயர்பெற்ற மனிதர், ஒரு குழந்தை கொடுத்த காசைத் தூக்கி எறியவில்லை. சட்டைப்பையில் போட்டு மறக்கவுமில்லை. தம் கண் படும் இடத்தில் அதை வைத்தார். அந்தக் கார் இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நாணயமும் அதில் இருக்கிறது. ஏழு பட்டங்களைப் பற்றிக் கேட்டுச் சலித்தவர்களும் அந்தக் காசைப் பற்றிக் கேட்கச் சலிப்பதில்லை.

அந்த டேஷ்போர்டில் வேறொன்றும் ஒட்டப்படுவதுண்டு. மூன்று முறை சாம்பியன் ஆன டாரல் வால்ட்ரிப்பின் மனைவி ஸ்டீவி வால்ட்ரிப், விசுவாசமுள்ள சகோதரி. தம் கணவர் போட்டிக்குப் புறப்படுமுன் ஒரு வேத வசனத்தை எழுதி அவர் காரில் வைப்பது அவருடைய வழக்கம். அதைக் கண்ட எர்ன்ஹார்ட், எனக்கு எங்கே என்று கேட்டார். அதுமுதல் அவருக்கும் ஒரு வசனம் கிடைத்தது. 2001 பிப்ரவரி 18 அன்று, கணவர் ஓட்டுவதை நிறுத்திவிட்ட பின்னும், ஸ்டீவி அவருக்கு வசனம் கொண்டுவந்தார். அது நீதிமொழிகள் 18:10. கர்த்தருடைய நாமத்தை உறுதியான கோபுரத்திற்கு ஒப்பிட்டு, நீதிமான் அதற்குள் ஓடி அடைக்கலம் பெறுவதைச் சொல்லும் வசனம் அது.

அந்த வசனம் ஒட்டிய காரில்தான், சில மணி நேரத்திற்குள், அவர் மரித்தார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் நான் வேகமாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஏனெனில் இது உங்களில் பலருடைய கேள்வி. வீட்டு நிலையில் வசனம் எழுதினோம், வாகனத்தின் கண்ணாடியில் வசனம் ஒட்டினோம், அறுவைச் சிகிச்சை அறைக்குள் போகுமுன் வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டோம். ஆனாலும் மரணம் வந்தது. வசனம் பொய்த்துப்போனதா?

வசனம் தாயத்து அல்ல. தாயத்து மரணத்தை வாசலில் நிறுத்துவதாக வாக்குக் கொடுக்கிறது; அதனாலேயே அது பொய். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தாம் உலகத்தை விட்டுப் போகும் காலம் வந்துவிட்டது என்று ஆறாம் வசனத்தில் எழுதுகிறார். அதே அதிகாரத்தின் பதினெட்டாம் வசனத்தில், கர்த்தர் தம்மை எல்லாத் தீமைக்கும் தப்புவித்துத் தமது பரம ராஜ்யத்தில் சேர்ப்பார் என்று எழுதுகிறார். இரண்டையும் ஒரே கை, ஒரே சிறையில் இருந்து எழுதிற்று. பட்டயத்திற்குத் தப்புவதை அவர் இரட்சிப்பு என்று எண்ணவில்லை. கோபுரம் என்பது சரீரம் மோதாமல் காக்கும் சுவர் அல்ல. சரீரம் மோதி உடைந்தபின்னும் நம்மை விடாமல் வைத்திருக்கும் கரம். எர்ன்ஹார்டின் ஆத்துமாவைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல நான் நியாயாதிபதி அல்ல. தம் எதிராளியின் மனைவியிடம் எனக்கு எங்கே என்று கேட்ட மனிதரைக் கர்த்தர் அறிவார் என்பது எனக்குப் போதும்.

அந்த நாளின் மற்ற பகுதியைச் சொல்கிறேன். இறுதிச் சுற்றில் எர்ன்ஹார்ட் மூன்றாவது இடத்தில் இருந்தார். முன்னால் போன இரண்டு கார்களும் அவருக்கே சொந்தமான அணியைச் சேர்ந்தவை. இரண்டாவதில் அவருடைய மகன் டேல் ஜூனியர். முதலாவதில் டாரலின் தம்பி மைக்கேல் வால்ட்ரிப். இந்த மைக்கேல் அதுவரை 462 கோப்பைப் போட்டிகளில் ஓட்டி ஒன்றிலும் வென்றதில்லை. உலகம் ஒதுக்கிய அவரை, உன்னால் முடியும் என்று நம்பி எர்ன்ஹார்ட் தம் அணிக்கு அழைத்திருந்தார். பின்னால் வருகிறவர்களைத் தடுத்து அவ்விருவரையும் காக்கவே எர்ன்ஹார்ட் அன்று தம் இடத்தில் நின்றார் என்று ரசிகர்கள் பலர் நம்புகிறார்கள். மைக்கேல் தம் 463ஆவது போட்டியில் வென்றார். மேலே வர்ணனையாளராக இருந்த அண்ணன் அழுதுகொண்டே தம்பியின் வெற்றியை அறிவித்தார். வெற்றி மேடையில் மைக்கேல் தம்மை நம்பிய மனிதரின் வருகைக்காகக் காத்திருந்தார். அவர் வரவில்லை. மோதிய காரின் அருகே முதலில் போய்ப் பார்த்த கென் ஷ்ரேடர் என்னும் வீரரே அந்தச் செய்தியை மேடைக்குக் கொண்டுவந்தார்.

இனித்தான் நான் சொல்ல வந்த காரியம்.

அந்த மரணத்திற்குப்பின் ரசிகர்களின் நேசம் இரண்டு வழிகளில் போயிற்று. ஒன்று கசப்பின் வழி. எர்ன்ஹார்டின் கார் நிலைகுலையுமுன் ஸ்டெர்லிங் மார்லின் என்பவருடைய கார் அதைத் தொட்டிருந்தது. நெருக்கி ஓட்டும் அந்தப் பந்தயத்தில் அது அன்றாட நிகழ்ச்சி. ஆனாலும் துக்கத்தில் இருந்த சிலர் அவருக்கு வெறுப்புக் கடிதங்களை எழுதினார்கள். கொலை மிரட்டல்களையும் விடுத்தார்கள். அன்பின் பெயரால் அதைச் செய்தார்கள். இந்த வழி நமக்குத் தெரியாததா? அப்பா இறந்தபின் மருத்துவமனைக்கு யார் தாமதமாகக் கூட்டிப்போனது என்ற பேச்சில் பிரிந்த குடும்பங்கள் எத்தனை! அண்ணனைத் தம்பி குற்றப்படுத்துகிறான். மருமகளை மாமியார் குற்றப்படுத்துகிறார். இறந்தவர்மேல் உள்ள பாசத்தின் அளவை, இருப்பவர்மேல் உள்ள கோபத்தினால் அளக்கிறார்கள்.

அந்த வெறுப்பை நிறுத்த எழுந்தவர்கள் யார் தெரியுமா? தகப்பனை இழந்த டேல் ஜூனியரும், தம்மை நம்பினவரை இழந்த மைக்கேலும்தான். அதிகமாய் இழந்தவர்கள் அவர்களே. மார்லின்மேல் குற்றமில்லை என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். மரித்த டேலுக்கு அவ்வாரத்தில் செய்யப்பட்ட மிகச் சிறந்த மரியாதை மலர்வளையம் அல்ல, அந்தச் சாட்சியே என்று நான் எண்ணுகிறேன்.

இரண்டாவது வழி பராமரிப்பின் வழி. எர்ன்ஹார்டுக்கு முந்தின ஏறக்குறைய ஒன்பது மாதங்களில் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என்ற மூன்று வீரர்கள் நாஸ்கார் களங்களில் மரித்திருந்தார்கள். சுவரில் மோதும்போது உடலை பெல்ட் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னோக்கி வீசப்படுவதால் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. தலையையும் கழுத்தையும் தோளோடு பிணைத்துக் காக்கும் கருவி அப்போதே இருந்தது. பலர் அதை அணியவில்லை. எர்ன்ஹார்டும் அதை விரும்பவில்லை. அவர் மரித்த அதே ஆண்டு அக்டோபரில் அந்தக் கருவி கட்டாயமாயிற்று. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள், மோதலின் விசையைத் தாங்கிக் குறைக்கும் தடுப்புச் சுவரை உருவாக்கினார்கள். 2002 முதல் களங்களில் கான்கிரீட் சுவர்களுக்கு முன்னால் அது நிறுத்தப்பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப்பின் கோப்பைத் தொடரின் போட்டிகளில் ஒரு வீரரும் மரிக்கவில்லை.

உபாகமம் 22:8ஐ நினைத்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று கர்த்தர் கட்டளையிட்டார். கவனியுங்கள்: ஒருவன் விழுந்தபின் அல்ல, வீட்டைக் கட்டும்போதே கட்டவேண்டும். மூன்று வாலிபர் விழுந்தபோதே அந்தச் சுவர் எழும்பியிருக்கவேண்டும். பெரிய பெயர் விழும்வரை உலகம் காத்திருந்தது. சிறியவர்களின் மரணத்தைச் சிறியதாக எண்ணும் இந்தக் குணம் நம் சபைக்குள் வராதபடி பார்ப்போமாக.

அந்த மூவரில் ஆடம் பெட்டிக்கு வயது 19. ஏழு பட்டங்கள் வென்ற ரிச்சர்ட் பெட்டியின் பேரன். மகனை இழந்த பெற்றோர், நோயுற்ற பிள்ளைகள் வந்து கவலையின்றி விளையாடி மகிழும்படி விக்டரி ஜங்ஷன் என்னும் முகாமை 2004இல் வட கரோலினாவில் திறந்தார்கள். மகனுக்குக் கொடுக்க முடியாமற்போன அன்பை மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

இப்போது தியானப் பகுதிக்கு வருவோம். சவுலும் யோனத்தானும் கில்போவா மலையில் விழுந்த செய்தி வந்தபோது தாவீது ஒரு புலம்பலைப் பாடினார். தம்மை வேட்டையாடிய சவுலையும் அதில் இகழவில்லை. யூதா புத்திரருக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் சொன்னார். அருமையான அஞ்சலி அது. ஆனால் அதே செய்தி வேறொரு வீட்டிற்கும் போயிற்று என்று 2 சாமுவேல் 4:4 சொல்கிறது. அங்கே யோனத்தானின் ஐந்து வயது மகன் மேவிபோசேத் இருந்தான். செய்தியைக் கேட்டதும் தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவன் விழுந்து இரண்டு கால்களும் முடமாயின. ஒரே மரணச் செய்தி ஓரிடத்தில் பாட்டாயிற்று. மற்றோரிடத்தில் ஒரு குழந்தையை முடமாக்கிற்று. பாட்டு எத்தனை அழகாக இருந்தாலும் அந்தக் குழந்தையின் காலுக்கு அதனால் பயனில்லை.

பிற்பாடு தாவீது கேட்ட கேள்வியே 9ஆம் அதிகாரத்தின் ஜீவன். யோனத்தானுக்காக நான் தயவு காட்டும்படி அந்தக் குடும்பத்தில் யாராவது மீதியாயிருக்கிறார்களா என்று அவர் விசாரித்தார். லோதேபாரில் ஒளிந்து வாழ்ந்தவனை அழைத்துவந்தார். தகப்பனின் நிலங்களைத் திருப்பிக்கொடுத்தார். ராஜாவின் பந்தியில் என்றும் அவனுக்கு இடம் கொடுத்தார். புலம்பலில் தொடங்கிய நினைவு பந்தியில் வந்து நிறைவேறிற்று.

நாமும் மரித்தோரை மறக்கிறவர்கள் அல்லர். ஆண்டுதோறும் நினைவு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கிறோம். படத்திற்கு மாலையிடாவிட்டாலும் நாளிதழில் படம் போடுகிறோம். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். இவை தவறல்ல. மூன்று விரல்களை உயர்த்தியதும் தவறல்ல. ஆனால் அதோடு நின்றால் அது பாட்டோடு நிற்பதே. அவர் விட்டுப்போனவர்களில் மீதியாயிருப்பவர் யார் என்று தாவீதைப்போலக் கேட்கிறோமா? இறந்த அண்ணனின் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் யார் கட்டுகிறார்கள்? அம்மா மரித்தபின் அம்மாவைக் கவனித்துக்கொண்ட அந்தப் பணிப்பெண்ணின் நிலை என்ன? முதலாண்டு நினைவுநாளுக்கு முந்நூறு பேருக்கு விருந்து கொடுத்த வீட்டில், விதவையான மருமகளுக்குப் பந்தியில் இடம் உண்டா?

இன்னொன்றும் உண்டு. மரித்தவரின் இடத்தில் வந்து நிற்பவரை நாம் எப்படி நடத்துகிறோம்? எர்ன்ஹார்டின் காரை அடுத்த வாரமே ஓட்ட வந்தவர் கெவின் ஹார்விக், 25 வயது வாலிபர். அணியின் உரிமையாளர் ரிச்சர்ட் சில்ட்ரெஸ் கறுப்புக் காரை வெள்ளையாக்கி, 3 என்ற எண்ணை 29ஆக மாற்றி அவரிடம் கொடுத்தார். எந்த வாலிபன் அந்தச் சுமையைத் தாங்குவான்! தம் மூன்றாவது போட்டியில், அட்லாண்டாவில், ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். வென்றதும் காரைத் திருப்பி எதிர்த்திசையில் ஓட்டி, சன்னல் வழியே மூன்று விரல்களை நீட்டினார். மாடங்களில் இருந்தவர்கள் அழுதார்கள். அந்த வாலிபரை ஏற்றுக்கொண்டார்கள். பின்பு 2014இல், சில்ட்ரெஸின் பேரன் ஆஸ்டின் டில்லன் 3 என்ற எண்ணை மறுபடியும் கோப்பைத் தொடருக்குக் கொண்டுவந்தபோது சில ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். டேல் ஜூனியரோ ஆதரித்தார். 1998இல் எர்ன்ஹார்டின் வெற்றி மேடையில் சிறு பையனாக நின்ற அந்த டில்லன், சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே எண்ணோடு டேடோனா 500ஐ வென்றார்.

முன்னிருந்த போதகரைப்போல இல்லை, முன்னிருந்த பாடகர்குழுத் தலைவரைப்போல இல்லை, மூத்த மருமகளைப்போல இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பிறகு வந்தவர்களை நாம் வாட்டுவது உண்டு. மோசே மரித்தபின் இஸ்ரவேலர் முப்பது நாள் அழுதார்கள்; பிறகு யோசுவாவுக்குச் செவிகொடுத்தார்கள். அழுகைக்கும் நாள் உண்டு. செவிகொடுக்கவும் நாள் உண்டு.

ஆகவே இவ்வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் இழந்த ஒருவரின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, அவர் நேசித்தவர்களில் இன்னும் உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை எழுதுங்கள். அந்த மரணத்தின் நிமித்தம் நீங்கள் கசந்துகொண்ட ஒருவர் இருந்தால், அந்தப் பெயரையும் எழுதுங்கள். பிறகு எழுந்து போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கையில் பெரிய காணிக்கை வேண்டாம். ஒரு குழந்தையின் ஒற்றைக் காசு எத்தனை ஆண்டு நினைவில் நிற்கிறது என்று பார்த்தீர்களே.

ஜெபம்: ஜீவனுக்கும் மரணத்திற்கும் ஆண்டவரே, நாங்கள் நேசித்தவர்களை உம்முடைய கரத்தில் ஒப்புவிக்கிறோம். உமது நாமமாகிய கோபுரத்தை எங்கள் சரீரத்தின் சுகத்திற்காக மட்டும் தேடாதபடி எங்களுக்கு விசுவாசத்தைத் தாரும். எங்கள் துக்கம் ஒருவர்மேலும் கல்லாக விழாதபடி காத்தருளும். எங்கள் கண்ணீரைத் தயவாக மாற்றும். மீதியாயிருக்கிறவர்களை எங்கள் பந்தியில் அமரச் செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.